மூன்று அடி வாங்கியும் டார்மகாய்ஃப் ஏன் சாகவில்லை?

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் பலரும் தடுமாறும் இடம் இது. 2/3 ஆக (பவர், அதாவது அடிக்கும் பலம் 2; டஃப்னஸ், அதாவது சாகத் தேவையான அடி 3) நிற்கும் டார்மகாய்ஃப் என்ற கிரீச்சர் கார்டு மீது லைட்னிங் போல்ட் என்ற தாக்கும் கார்டைப் போட்டீர்கள், எதிராளி "சாகாது" என்கிறார். அவர் ஏமாற்றவில்லை, விதி அப்படித்தான்.

எல்லாருடைய கிரேவ்யார்டுகளிலும் (பயன்படுத்தி முடித்த, செத்த கார்டுகள் போகும் குவியல்) எத்தனை வகைக் கார்டுகள் கிடக்கின்றனவோ, அதுதான் டார்மகாய்ஃபின் பவர். டஃப்னஸ் அதைவிட ஒன்று கூடுதல். உங்கள் ஆட்டத்தில் கிரீச்சர், லேண்ட் என இரண்டே வகை கிடந்ததாக வைத்துக்கொள்வோம். போல்ட் 3 டேமேஜ் கொடுக்கிறது. ஆனால் யார் செத்தார்கள் என்று ஆட்டம் உடனே பார்ப்பதில்லை. போல்ட் முழுதாக முடிந்து, கடைசி வேலையாகத் தானும் கிரேவ்யார்டுக்குப் போன பிறகுதான் பார்க்கும். அதற்குள் போல்ட்டின் வகையான இன்ஸ்டன்ட் மூன்றாவதாகச் சேர்ந்துவிட்டது. இப்போது அது 3/4. மூன்று அடி போதாது.

ஏற்கெனவே அங்கே ஒரு இன்ஸ்டன்ட் கிடந்து, அதையும் சேர்த்தே 2/3 என்றால் கதை வேறு: புது வகை எதுவும் சேராது, செத்துவிடும்.

அப்புறம் ஒன்று, பலர் மறப்பது. வாங்கிய டேமேஜ் அந்த டர்ன் முடியும்வரை அப்படியே இருக்கும். அதே டர்னில் கிரேவ்யார்டிலிருந்து அந்த போல்ட்டை எக்ஸைல் செய்தால் (அதாவது ஆட்டத்திலிருந்தே விலக்கினால்) மறுபடி 2/3 ஆகி, பழைய அடியிலேயே சாகும். எனக்குப் பிடித்த பழிவாங்கல் அதுதான்.