முழு உதவித்தொகை என்கிறார்கள், போகலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன் நான். வயது 23. பி.காம். முடித்துவிட்டுத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆற்காடு லுத்தரன் சபையில் வாலிபர் சங்கச் செயலாளர். போதகர் ஆகவேண்டும் என்பது சிறு வயது ஆசை. அமெரிக்காவில் ஒரு வேதாகமக் கல்லூரி நான்கு வருட பி.ஏ. படிப்புக்கு இடம் கொடுத்து, கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகை என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அப்பா துறைமுகத்தில் சிறு மீன் வியாபாரி. தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அங்கே வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான், வகுப்பில் சமாளிப்பேனா? அம்மா கருவாடு கட்டித் தருகிறேன் என்கிறார், விடுவார்களா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறோம். பி.காம். முடித்தவருக்கு மறுபடியும் ஒரு பி.ஏ. எதற்கு? பட்டதாரிகளுக்கென்றே அங்குள்ள இறையியல் கல்லூரிகளில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம். இரண்டு வருட எம்.ஏ.வும் உண்டு. நம்முடைய மூன்று வருட டிகிரியை அப்படியே ஏற்கும் கல்லூரிகள் உண்டு, மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வா என்பவையும் உண்டு. உங்களை அழைத்திருக்கும் கல்லூரியில் முதுகலைப் பிரிவு இருக்கிறதா என்று இன்றைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரியும் இதைத்தான் கேட்பார்: "ஏற்கெனவே டிகிரி இருக்கிறதே, இன்னொன்று ஏன்?" 'தேவனுடைய அழைப்பு' என்ற பதில் ஆலயத்தில் எடுபடும், அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் எடுபடாது.

அடுத்தது, நீங்கள் எந்தச் சபையில் போதகர் ஆகப்போகிறீர்கள் என்பது. சுயாதீன சபை என்றால் பட்டத்தைப் பெரிதாக யாரும் பார்ப்பதில்லை. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் குருப்பட்டத்துக்கு வழக்கமாக எதிர்பார்ப்பது வங்காளத்தில் உள்ள செராம்பூரின் பி.டி. என்ற இறையியல் பட்டம். டென்மார்க் அரசர் 1827-ல் கொடுத்த சாசனத்தின் பேரில் பட்டம் வழங்குகிற இடம் அது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, இரண்டும் அதன் இணைப்பில் உள்ளவை. சபை சிபாரிசு செய்து அனுப்பினால் செலவும் உங்கள் வீட்டுக்குத் தாங்கும். உங்கள் சபையின் தலைமையகம் கடலூரிலேயே இருக்கிறது. போய், "அமெரிக்க எம்.டிவ்.வோடு வந்தால் குருப்பட்டத்துக்கு எடுத்துக்கொள்வீர்களா, இங்கே மேற்கொண்டு படிக்கச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான்கு வருடம் கழித்து நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

கல்லூரியைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். பலரும் ஒன்றென்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அமெரிக்க அரசு கொடுக்கும் அனுமதி ஒன்று. அது இருந்தால்தான் ஐ-20 (மாணவர் விசாவுக்குத் தேவையான சேர்க்கைப் படிவம்) தரமுடியும். அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்பது வேறு. வேதாகமக் கல்லூரி என்றால் ஏ.பி.ஹெச்.இ. அல்லது டிராக்ஸ், எம்.டிவ். தரும் இறையியல் கல்லூரி என்றால் ஏ.டி.எஸ். போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கவேண்டும். கேள்விப்படாத ஏதோ 'சர்வதேசக் கழகம்' அங்கீகரித்ததாகப் போட்டிருந்தால், அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் அந்தக் கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம்.

இனி பணம். 'கல்விக் கட்டணம் முழுவதும்' என்பதற்கு அர்த்தம் கல்விக் கட்டணம் மட்டும். ஐ-20-ன் முதல் பக்கத்தில் ஒரு பக்கம் வருடச் செலவு, இன்னொரு பக்கம் அதை யார் கட்டுவது என்று வரி வரியாக இருக்கும். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கட்டணம் 16,000 டாலர், தங்குமிடமும் சாப்பாடும் 9,500, மருத்துவக் காப்பீடு 2,000, புத்தகமும் மற்றதும் 1,000. ஆகமொத்தம் 28,500. உதவித்தொகை 16,000 போனால் 12,500 உங்கள் தலையில். டாலர் 85 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் பத்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய், வருடத்துக்கு! முதல் வருடத் தொகை கையில் இருப்பதை வங்கிக் கணக்கில் காட்டவேண்டும். நேர்காணலுக்கு முந்தின வாரம் சித்தப்பா, மாமாவெல்லாம் சேர்ந்து திடீரென்று போட்ட பணத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடிப்பார்கள். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால், கல்விக் கடனாக இல்லாத பணத்துக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம். இவற்றோடு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுத்தால் அந்த 185 திரும்பாது.

வேலை பார்த்து வீட்டுக்கு அனுப்பலாமா என்கிறீர்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. நூலகம், சமையற்கூடம், தரை துடைப்பது, புல் வெட்டுவது. சின்னக் கல்லூரிகளில் அந்த 20 மணியும் கிடைப்பதில்லை, எட்டோ பத்தோ கிடைக்கும். மணிக்கு 10 டாலர் என்று வைத்தால் வாரம் நூறு டாலர். சோப்பு, செல்போன், குளிருக்கு ஒரு நல்ல கோட்டு, அதோடு தீர்ந்தது. வெளியே உணவகத்தில் 'கைக்காசு' வேலைக்கு நம் ஆட்களே கூப்பிடுவார்கள். பிடிபட்டால் மாணவர் தகுதி போய்விடும், அடுத்த விசாவும் கஷ்டம். தங்கையின் படிப்புச் செலவுக்கு உங்களை நம்பியிருக்கிறார்கள் என்றால் இந்தப் பயணம் இப்போது வேண்டாம். மனம் நோகும் என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

வேதாகம மாணவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். முடிந்ததும் கையில் ஒரு கவர். நம் ஊரில் அது காணிக்கை, மறுக்க நாக்கு வராது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது அனுமதியில்லாமல் செய்த வேலைக்குக் கூலி. சம்பளமில்லாமல் ஞாயிறு பள்ளியில் உதவுவதிலோ பாடகர் குழுவில் பாடுவதிலோ சிக்கல் இல்லை. படிப்பின் பகுதியாகவே சபையில் பயிற்சி இருந்தால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த பயிற்சி) அனுமதியை உங்கள் ஐ-20-ல் பதிந்த பிறகே முதல் நாள் போகவேண்டும். பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முடிந்தபின்தான் அது கிடைக்கும். சம்பளம் வராவிட்டாலும் வரி அலுவலகத்துக்கு வருடா வருடம் 8843 படிவம் அனுப்பவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: "கடலூரில் உன் ஊழியத்துக்கு" என்று யாராவது பணம் அனுப்ப முன்வருவார்கள். அதை அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். மதப்பணிக்கென்று வரும் வெளிநாட்டுக் கொடை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. பதிவுபெற்ற அமைப்புக்கு, டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வரவேண்டும்.

பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது? இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைக்கும் நமக்கு இதில் தனிச் சங்கடம். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அதே பெயர் வங்கி அட்டையிலும் ஏறி, நான்கு வருடம் உங்களைத் தொடரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டை முதலில் திருத்துங்கள், அதே எழுத்துக்கூட்டலில் ஐ-20 வாங்குங்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு பெயர் என்றால் அதையும் இப்போதே சரிசெய்யவேண்டும்.

வகுப்புக்கு வருவோம். ஆங்கிலம் சுமார் என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தடை இல்லை. முதல் மாதத்தில் திணறவைப்பது வேதத்தின் புத்தகப் பெயர்கள்தான். பேராசிரியர் 'ஐசேயா' என்பார், அது ஏசாயா. 'ஜெரமையா' எரேமியா. 'ஜோப்' என்றால் யோபு. 'ஃபைலீமன்' பிலேமோன். நீங்கள் பக்கம் தேடி முடிப்பதற்குள் அவர் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். 66 புத்தகங்களின் ஆங்கிலப் பெயரையும் சுருக்கத்தையும் இங்கேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். தினம் ஓர் அதிகாரம் ஆங்கில ஆடியோ வேதாகமத்தைக் கேட்டபடி தமிழ் வேதாகமத்தைப் பார்த்து வாருங்கள்.

வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேர வாசிப்பு என்பது அங்கே பொதுக்கணக்கு. 15 கிரெடிட் (வாரம் 15 மணி வகுப்பு) எடுத்தால் வாரம் 45 மணி ஆகிவிடும். கட்டுரையில் பிறர் கருத்தை அடிக்குறிப்பு இல்லாமல் எடுத்து எழுதினால் திருட்டு என்று எழுதி பூஜ்ஜியம் போடுவார்கள். விளக்கவுரையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் பிரசங்கம் தயாரிக்கும் நம் வாலிபர் கூட்டப் பழக்கம் அங்கே ஆபத்து. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் மதிப்பெண் குறையும். நாம் மரியாதை என்று நினைப்பதை அவர்கள் படிக்காமல் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

கிரேக்கத்துக்கு மட்டும் பயப்படவே வேண்டாம், அதில் நமக்கு ஒரு கை கூடுதல். 'லோகோஸ், லோகூ, லோகோ, லோகோன்' என்று எழுதிப் போட்டதும் அமெரிக்கப் பிள்ளைகள் விழிப்பார்கள். நமக்கு அது வார்த்தை, வார்த்தையின், வார்த்தைக்கு, வார்த்தையை. மூன்றாம் வகுப்பிலிருந்து வேற்றுமை உருபு படித்தவருக்கு இது வீட்டுச் சாப்பாடு. புதிய ஏற்பாட்டில் 50 தடவைக்கு மேல் வரும் சொற்கள் சுமார் 310தான். அவற்றைக் கற்றால் நூலில் வரும் சொற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கைக்குள். நாளைக்குப் பத்துச் சொல் என்று சீட்டு எழுதிப் படித்தால் ஒரு மாதம்.

தமிழிலிருந்தே கட்டுரைக்குத் தலைப்பும் கிடைக்கும். மாற்கு 4:38-ல் புயலில் சீஷர்கள் மடிந்துபோகிறோமே என்று அலறுகிறார்கள். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இல்லை. தமிழில் மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'நாம்' என்றால் படகில் தூங்குகிற இயேசுவும் சேர்ந்து மூழ்குகிறார், 'நாங்கள்' என்றால் அவர் சேர்த்தி இல்லை. இதை வைத்துப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள், பேராசிரியர் உங்களை மறக்கமாட்டார். சபைச் சரித்திர வகுப்பில் உங்கள் ஊரே வரும்: சுவீடன் நாட்டு மிஷனரி கியர்நாண்டர் 1740-ல் வந்து ஊழியம் செய்தது கடலூரில்தான். 1758-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபிறகு கல்கத்தாவுக்குப் போனார்.

விடுதி விஷயம் சுருக்கமாக. ஆராதனைக்கு வருகைப்பதிவு உண்டு, மது, புகைக்குத் தடை, இரவில் கதவடைக்கும் நேரமும் இருக்கலாம். இவற்றுக்கு நீங்கள் பழகியவர்தான். பழகாதது விடுமுறை. நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள், பிறகு கிறிஸ்துமஸ், அப்புறம் கோடை. பல கல்லூரிகளில் அப்போது சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், விடுதியையும் சேர்த்து. எங்கே தங்குவது, அதற்குத் தனிக் கட்டணமா என்று சேருவதற்கு முன்னே கேளுங்கள். மிக்ஸி எடுத்துப் போகாதீர்கள், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் மிக்ஸி முனகிக்கொண்டு நிற்கும்.

கருவாடு? சொந்த உபயோகத்துக்கு மீன் கொண்டுபோக அமெரிக்கச் சுங்கத்தில் பொதுவாகத் தடையில்லை, கேட்கிற இடத்தில் மறைக்காமல் சொல்லவேண்டும். பச்சைக் கறிவேப்பிலையைத்தான் பிடுங்கிப் போடுவார்கள், எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால். ஆனால் மூடிய ஜன்னலும் ஹீட்டரும் உள்ள விடுதியில், நான்கு பேர் பகிரும் சமையலறையில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் மாடி வரை மணக்கும். அம்மாவிடம் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் போதும் என்று சொல்லுங்கள். கருவாட்டுக் குழம்பு விடுமுறைக்கு ஊர் வரும்போது இருக்கட்டும்.