குஞ்சு முட்டையைக் கொத்தி 18 மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. ஓட்டை உடைத்து உதவலாமா?

கேள்வி கேட்டவர் முட்டைகளை மின்சாரப் பொரிப்பானில் வைத்திருக்கிறார் என்றும், அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடைக்கோழியின் அடியில் வைத்திருந்தால் உதவலாமா என்ற யோசனையே வந்திருக்காது. கையை நீட்டிய உடனேயே கோழி பதில் சொல்லியிருக்கும்.

ஓட்டில் முதல் கொத்து விழுந்த பிறகு 24 மணி நேரம் வரை குஞ்சு சும்மா கிடப்பது வழக்கமே. நமக்குத்தான் அது சும்மா கிடப்பதாகத் தெரிகிறது. அதுவரை ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தக் குழாய்கள் வழியாக மூச்சு வாங்கிய குஞ்சு, அந்த நேரத்தில்தான் நுரையீரலுக்கு மாறுகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பொரித்த குஞ்சு இரண்டு நாள் இரையில்லாமல் தாக்குப்பிடிப்பது அந்த மஞ்சள் கருவால்தான்.

இதை நான் ஒரு குஞ்சைக் கொன்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஓர் ஆடி மாதம், தெர்மாகோல் பெட்டிப் பொரிப்பான் ஒன்றை வாங்கி, அதில் 12 நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தேன். 21ஆம் நாள் கொத்துகூட விழவில்லை. 22ஆம் நாள் இரவில்தான் ஏழு குஞ்சுகள் வந்தன. எட்டாவது முட்டை கொத்தியதோடு நின்றுவிட்டது. பத்து மணி நேரம் பொறுத்திருந்த நான், விடியற்காலையில் நகத்தால் ஓட்டைப் பெயர்க்கத் தொடங்கினேன். "அது வர்ற நேரம் அதுக்குத் தெரியாதாடா? நீ எதுக்கு உரிக்கிற?" என்று அப்பத்தா திண்ணையிலிருந்து கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. இரண்டாவது சில்லு பெயர்ந்தபோது சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது. பதறிப்போய் முழுவதையும் உரித்துவிட்டேன். மஞ்சள் கரு பாதி வயிற்றுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் குஞ்சு அடங்கிவிட்டது.

பொரிப்பதற்கு ஒரு நாள் பிந்தியது ஏன் என்று பிறகு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். பெட்டியின் காட்டி 37.5 டிகிரி என்று சொன்னபோது உள்ளே உண்மையில் 36.5 தான் இருந்தது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கடற்கரையில் குடியிருந்தால் உப்புக் காற்றில் எல்லாம்தான் கெடும் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பெட்டி. அந்த ஒரு டிகிரிக்கு இன்றுவரை அவர் பொறுப்பேற்கவில்லை. உங்கள் பெட்டியையும் ஒரு முறை இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்வதால், எந்த நிலையிலும் கை வைக்கக் கூடாது என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். தானாக வர முடியாத குஞ்சு பிழைக்கத் தகுதியற்றது என்று இங்கே சிலர் எழுதுவார்கள். பெட்டியை வாங்கியவரும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தவரும் நாம்தானே, குஞ்சின் தகுதி அதில் எங்கே வந்தது என்பதே அவர்களிடம் என் கேள்வி. அடுத்த ஆண்டு எனக்கு நேர்ந்தது அதுதான். வெளியே கச்சான் காற்று வறட்டிக்கொண்டிருக்க, வேடிக்கை பார்க்கும் ஆசையில் நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்த ஈரம் போயிற்று. கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். என் பெட்டியில் அதில் பாதிகூட இருந்திருக்காது. கொத்து விழுந்து 26 மணி நேரமான ஒரு முட்டையில், ஓட்டையைச் சுற்றியிருந்த சவ்வு காய்ந்து, பழைய பனையோலை நிறத்தில் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தமும் தேய்ந்துகொண்டே வந்தது.

இம்முறை நகத்தைப் பயன்படுத்தவில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், மூக்குத் துளையில் படாமல், சவ்வை ஈரமாக்கினேன். ஈரம் பட்டதும் சவ்வுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு நரம்பு ஒன்று தெரிந்தாலும் மூடியை மூடிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு நரம்பும் தெரியவில்லை. முட்டையின் அகன்ற முனையில், காற்றறைக்கு மேலிருந்த ஓட்டுப் பகுதியை மட்டும் அரிசி அளவுச் சில்லுகளாக எடுத்து, தலையை விடுவித்துவிட்டு, கீழ்ப்பாதியைத் தொடாமல் திரும்ப உள்ளே வைத்தேன். நான்கு மணி நேரம் கழித்து அதுவே உதைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கால்விரல் மட்டும் கோணல். இன்று அந்தக் கோழி எங்கள் பஞ்சாரத்தில் ஒன்பது முட்டைகளின் மேல் அடை கிடக்கிறது. இடிக்குப் பயந்து அப்பத்தா போட்ட இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் கூடவே கிடக்கின்றன.

ஆகவே இன்றிரவு மூடியைத் திறக்காதீர்கள். நீர்க் கிண்ணம் வற்றியிருந்தால் மட்டும் ஒரே ஒரு முறை திறந்து வெந்நீர் ஊற்றிவிட்டு மூடிவிடுங்கள். குஞ்சு எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருந்தால் மஞ்சள் கரு இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள். விடிந்த பிறகு சவ்வு வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். நான் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன்.