பெட்டியில் கிடந்த ஜோர்டன் 4

தம்பி, மாமா விட்டுப்போன ஏர் ஜோர்டன் 4 கூடைப்பந்துச் சப்பாத்து சுங்கை சிப்புட் வீட்டில் 14 வருடம் பெட்டியிலேயே கிடந்தது, சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள்.

முதலில் குதிகால் பக்கம் அடியில் உள்ள நுரைப் பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி விரிசல் விட்டாலோ தூள் கொட்டினாலோ கதை முடிந்தது. அது பாலியூரித்தேன். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். பெட்டியில் பூட்டி வைத்தாலும் தப்பாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். நானும் லயத்து வீட்டு அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு ஜோடியைத் தீபாவளிக்குப் போட்டுக் கிளம்பினேன். கோயில் வாசல் வருமுன்னே அடி தனி, நான் தனி.

1989-இல் நைக்கி நிறுவன வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்டு வடிவமைத்த சப்பாத்து அது. பக்கவாட்டு வலை காற்றோட்டத்துக்காக வைத்தது. அதே வருடம் மே 7-ஆம் தேதி, கிளீவ்லாந்து அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கூடையில் போட்ட பந்து இந்த மாடல் காலில் இருந்தபோதுதான். அதன் மவுசே அங்கேதான் இருக்கிறது. ஆட்டத்துக்கென்று பார்த்தால், இன்றைய சப்பாத்துகளுக்கு முன் இது கனம்.

மேல்தோல் நன்றாக இருந்தால் வேறு ஜோடியின் அடியைக் கழற்றி இதில் ஒட்டலாம். மாமா நினைவாக அப்படி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு, தமான் திடல் சிமெண்டுத் தரை என்கிறீர்கள், அடி ரப்பர் தடிப்பாக உள்ள புதுசு ஒன்று பாருங்கள்.