ஃப்ளூ காய்ச்சல் மூளையைத் தாக்குமா?

கேள்வி: என் 6 வயது மகளுக்கு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் கண்ட மறுநாளே வலிப்பு வந்து நினைவு தப்பியது. 12 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டாள். 2 மாதங்கள் ஆகியும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாள். சின்னச் சின்ன விஷயத்துக்கும் அலறி அழுகிறாள். சளிக் காய்ச்சல் மூளைக்கு எப்படிப் போனது? அவள் பழையபடி ஆவாளா, டாக்டர்?

பதில்: பெரும்பாலான குழந்தைகளுக்கு வைரஸ் நேரடியாக மூளைக்குள் புகுவதில்லை, முதுகுத் தண்டு நீரைச் சோதித்தாலும் அநேகமாக அது தென்படாது. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன் என்னும் பொருட்கள் அளவு மீறிப் பெருகி, மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசிய வைப்பதால் வீக்கம் உண்டாகிறது என்றே கருதப்படுகிறது. காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளிலேயே வலிப்பும் மயக்கமும் வருவது இதனால்தான். இதிலும் வகைகள் உண்டு. மூளையின் ஆழத்தில் இருபுறமும் உள்ள தாலமஸ் என்னும் பகுதி சிதைகிற கடுமையான வகையை ஜப்பானிய மருத்துவர்கள் 1995இல் விவரித்தார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பகுதியில் மட்டும் வீக்கம் தோன்றி, விரைவில் சுவடின்றி மறைகிற லேசான வகையும் இருக்கிறது. ஆகவே எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக்கொண்டு, உங்கள் மகளுக்கு வந்தது எது என்று நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

முழுமையாகத் தேறிவிடுவாள் என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் 2 மாதம் என்பது முடிவு கட்டும் காலமே அல்ல. முதல் சில மாதங்களில் வேகமாகவும், அதன்பின் ஓராண்டுக்கு மேலும் மெதுவாகவும் முன்னேற்றம் தொடரக்கூடும். பொத்தானை நீங்கள் பாதித் துளை வரை நுழைத்துவிட்டு, மீதியை அவளை இழுக்கச் சொல்லுங்கள். அது கைவந்ததும் முழுவதையும் அவளிடம் விடுங்கள். செயல்வழிச் சிகிச்சையாளர்கள் இப்படித்தான் படிப்படியாகப் பழக்குவார்கள். அந்த அழுகையைத் தயவுசெய்து பிடிவாதம் என்று எண்ணித் தண்டிக்காதீர்கள். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். களைத்தபின் உணர்ச்சியை அடக்க அதற்குத் தெம்பிருக்காது. பள்ளிக்கும் முதலில் அரை நாள் அனுப்பினால் போதும்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு வழிவகுக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும் என்பதால் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள். பேச்சு குழறினாலோ, உங்களை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.