வாசகர் கேள்வி - நம் பதில்: அந்த 280 டிகிரி

வாசகி, திண்டுக்கல்: டிவி விவாதத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். உருப்படியான அரசியல் விவாதம் எங்காவது நடக்கிறதா?

நான் பார்த்தவரை, பி.பி.சி.யின் 'கொஸ்டின் டைம்'. ராபின் டே நெறியாளராக 1979 செப்டம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி. வாரம் ஓர் ஊர். 2015-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வியாழக்கிழமை பத்து மணிச் செய்தி முடிந்தால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அப்போது டேவிட் டிம்பிள்பி நெறியாளர். 1994 முதல் 2018 வரை அவர்தான்.

மேடையில் ஓர் அமைச்சர், எதிர்க்கட்சிக்காரர், கூடவே எழுத்தாளரோ தொழிலதிபரோ. கேள்வி கேட்பது எதிரே உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஜனங்கள். என்ன கேட்கப்போகிறார்கள் என்று மேடையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கூட்டத்தில் கை தூக்குபவரின் பெயர் டிம்பிள்பிக்குத் தெரியாது. சட்டையின் நிறத்தைச் சொல்லி விரலை நீட்டுவார். அந்த ஒருவர் பேசி முடிக்கும்வரை அமைச்சரும் காத்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அங்கும் கைதட்டலுக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. கூட்டத்தை நடுநிலையாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்ற புகாரும் ஓயவில்லை.

வாசகர், தென்காசி: சாதாரண ஜனங்களால் தலைவர்களை மடக்க முடியுமா? அதற்குப் பத்திரிகையாளர்தானே வேண்டும்?

டயானா கூல்டைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியை. 1983 மே மாதம், பொதுத்தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பி.பி.சி.யின் 'நேஷன்வைட்' நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் மக்கள் நேரலையில் கேள்வி கேட்டார்கள். முந்தைய ஆண்டு தென் அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போரில் அர்ஜென்டினாவின் 'பெல்கிரானோ' கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்ததில் 323 பேர் செத்துப்போனார்கள். விலகிப் போய்க்கொண்டிருந்த கப்பலை ஏன் மூழ்கடிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டார் கூல்ட். விலகிப் போகவில்லை என்றார் தாட்சர். கூல்ட் விடவில்லை. கப்பல் ஏற்கெனவே தீவுகளுக்கு மேற்கே இருந்தது, 280 டிகிரி திசையில், அதாவது ஏறக்குறைய மேற்கு நோக்கிப் போனது, பிறகு எப்படி ஃபாக்லாந்தை நோக்கிப் போனதாகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அதனால் ஆபத்து இருந்தது என்பதே தாட்சரின் நிலை. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தப் பதிவைப் பாருங்கள். 280 என்ற எண் வந்து விழுந்த பிறகு, பொத்தாம்பொதுவாகப் பேசி நழுவ வழியில்லை.

வாசகர், மன்னார்குடி: உங்களை டிவி விவாதத்துக்குக் கூப்பிட்டால் போவீர்களா?

ஒருமுறை போனேன். ஆற்று மணல் பற்றிய விவாதம். கிணறு வற்றிப்போன ஊர்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனை அடி கீழே போயிருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஏசியே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. முதல் ஊரின் பெயரைச் சொல்லும்போது விளம்பர இடைவேளை. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பேசி முடிக்க விடுவார்கள் என்றால் நாளைக்கே எடுத்துக்கொண்டு போவேன்.