ஆறு பேர் முன்னால், ஒருவர் பின்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஃபுட்பாலில் என் அணி அவுட்சைட் ஜோன் ஓட்டத்தை (பந்தோடு ஓரத்தை நோக்கி ஓடுவது) வைத்தே காலம் தள்ளுகிறது. அடுத்த ஞாயிறு மோதும் எதிரணி ஸ்க்ரிமேஜ் கோட்டில் (இரு அணியும் எதிரெதிரே நின்று ஆட்டம் தொடங்கும் இடம்) ஆறு பேரை நிறுத்தப்போகிறதாம். “எட்டுப் பேரைக் குவித்தவர்களையே பார்த்தாயிற்று, ஆறு பேர் என்ன செய்வார்கள்?” என்கிறார்கள் நண்பர்கள். 53ஆவது சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி முடங்கியது இதனால்தானா?

ர.

அன்புள்ள ர.,

பெரும்பாலும் இதனால்தான். நண்பர்கள் தலையை மட்டும் எண்ணுகிறார்கள், அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

அவுட்சைட் ஜோனில் ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டதும், முன்வரிசை ஐவரும் ஒரே பக்கமாக அடியெடுத்து வைப்பார்கள். எதிரே நால்வர்தான் என்றால், ஒருவரை இருவர் சேர்ந்து நெட்டித் தள்ளலாம். அவர் தடுமாறியதும் இருவரில் ஒருவர் கழன்றுபோய், தடுப்பணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை மறிப்பார். ஓட்டக்காரருக்கு வழி திறப்பதே இந்த இரண்டாவது மறிப்பில்தான். எட்டுப் பேரைக் குவித்தாலும் அதில் நால்வர் நாலைந்து யார்டு தள்ளி நின்றால் இது தடையில்லாமல் நடக்கும். ஆறு பேர் கோட்டிலேயே நின்றால் ஏறக்குறைய ஆளுக்கு ஆள் சரியாகிவிடும், கழன்றுபோக யாரும் மிஞ்சமாட்டார்கள். ஒற்றை லைன்பேக்கர் தொடுவாரில்லாமல் ஓடிவந்து பிடிப்பார்.

ராம்ஸ் 2018 பருவத்தில் பெரும்பாலும் மூன்று ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று மறிக்கவும் பிடிக்கவும் செய்பவர்), ஒரு ரன்னிங் பேக் (ஓட்டக்காரர்) என்றே ஆடியது. ஒரு டைட் எண்ட் இருந்தால் வரிசையில் ஓட்டக்காரர் புகக்கூடிய இடைவெளி ஏழு. கோட்டில் ஆறும் பின்னால் லைன்பேக்கர் ஒன்றும் ஏழு, ஆளுக்கொரு இடைவெளி; மீதி நால்வர் பாஸைத் தடுக்க.

உயிர்நாடி அந்த ஆறு பேரில் ஓரத்தில் நிற்கும் இருவர். ஓட்டம் வரும் பக்கத்துக்காரர் தன்னை மறிப்பவரிடம் வெளிக்கையைச் சிக்கக் கொடுக்காமல், கோட்டைத் தாண்டி ஓரிரு யார்டிலேயே ஊன்றி நிற்க வேண்டும். ஆர்வக்கோளாறில் நாலு யார்டு பாய்ந்துவிட்டால் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் வண்டியே போகலாம். மறுபக்கத்துக்காரர் ஓட்டத்தைத் துரத்தவே கூடாது. பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) அவர் பக்கம்தான் வருவார்.

2018 டிசம்பர் 9 அன்று தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோவின் இதே வியூகத்தோடு சிகாகோ பேர்ஸ் ராம்ஸை 15-6 என்று வென்றது. ராம்ஸின் ஓட்டக்காரர் டாட் கர்லிக்கு 11 ஓட்டத்தில் 28 யார்டுதான். பிறகு பிளேஆஃபில் டல்லஸுக்கு எதிராக அதே ராம்ஸ் 273 யார்டு ஓடியது. சூப்பர் பௌலில் மோதிய நியூ இங்கிலாந்தின் பயிற்சியாளர் பெலிசிக் சிகாகோவின் பாடத்தை எடுத்துக்கொண்டார்: 13-3 வெற்றி, ராம்ஸின் மொத்த ஓட்டம் 62 யார்டு. கர்லியின் முழங்காலும் அப்போது சரியில்லை, ஆகவே எல்லாப் புகழையும் வியூகத்துக்கே எழுதிவைக்க வேண்டாம்.

இதற்கு மாற்று உண்டு. முன்வரிசையில் நடு ஆளுக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளில் ஒருவர் தன் இடத்தை விட்டு மறுபக்கம் சுற்றி வந்தால் அங்கே புது இடைவெளி முளைக்கும், ஏழு கணக்கு உடையும். முன்வரிசையைத் தாண்டிவிட்டால் பின்னால் ஒரே லைன்பேக்கர், அப்புறம் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள்தான். ஒரே ஓட்டத்தில் இருபது யார்டுகூட வரலாம். இரண்டாவது டைட் எண்டைக் கொண்டுவந்தால் எட்டு இடைவெளி; சேஃப்டி ஒருவர் இறங்கியாக வேண்டும், பாஸுக்கு மேலே இடம் கிடைக்கும். லைன்பேக்கருக்கு இரு பக்கமும் காலியாகக் கிடக்கும் நடுப்பகுதியில் சட்டென்று எறியும் குறும்பாஸும் இவர்களைப் பாடாய்ப் படுத்தும்.

வேகமும் முக்கியம். ஸ்நாப் எடுக்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது பயிற்சியாளருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இடையிலான ரேடியோ அறுந்துவிடும். அதற்குப் பிறகு தடுப்பணி அமைப்பை மாற்றினால் குவார்ட்டர்பேக் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். கூடிப் பேசாமல் உடனே வரிசையில் நின்று ஸ்நாப் எடுத்தால் அந்த மாற்றத்துக்கே நேரமிருக்காது.

ஞாயிறன்று பந்தைப் பார்க்காமல் உங்கள் கார்டுகள் இருவரையும் பாருங்கள். ஸ்நாப் ஆன பிறகு அவர்களில் ஒருவராவது லைன்பேக்கர்வரை போய்ச் சேர்கிறாரா என்று கவனியுங்கள். முதல் இரண்டு டிரைவிலும் (பந்து உங்கள் அணியிடம் இருக்கும் சுற்று) யாரும் போகவில்லை, உங்கள் பயிற்சியாளரும் அதே ஓட்டத்தையே ஏவிக்கொண்டிருக்கிறார் என்றால், அன்றைக்கு அதிகம் வேலை பந்தை உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் பன்டருக்குத்தான். அந்தச் சூப்பர் பௌலில் ராம்ஸ் பன்ட் செய்தது ஒன்பது முறை.