டேனரித் தண்ணீர் பாயும் நிலத்துக்குச் சுண்ணாம்பு போடலாமா?

தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறோம், பயிரில் கன உலோக பாதிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நாங்கள் வாங்கிப் பட்டவர்கள்.

எங்கள் நிலம் வாணியம்பாடிப் பக்கம், பாலாற்றை ஒட்டியது. யாரோ சொன்னார்கள் என்று அப்பா ஒரு டிராக்டர் சுண்ணாம்பைக் கொட்டி உழுதார். அந்தப் போகம் கேழ்வரகு முன்னைவிட மோசமாக வெளுத்துப்போனது. பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேரே இல்லை. நுனியெல்லாம் பழுப்பேறிக் கட்டையாக நின்றது.

சுண்ணாம்பு நல்ல மருந்துதான், ஆனால் வேறு நோய்க்கு. காட்மியம், ஈயம், நிக்கல் எல்லாம் புளிப்பு மண்ணில் கரைந்து வேரில் ஏறும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்து அவற்றைக் கட்டிப்போடும். டேனரியில் வருவது குரோமியம். தோல் பதனிடப் போடும் குரோமியம்-3 பெரும்பாலும் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும். குரோமியம்-6தான் விஷம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவிலிருந்து மஞ்சளாகக் கசிகிறதே, அது. இந்தக் குரோமியம்-6, காரம் ஏறிய களர் மண்ணில் இன்னும் தாராளமாக நகரும். எங்கள் மண்ணில் பி.எச். (புளிப்பு-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) ஏற்கெனவே 8-க்கு மேல். போதாததற்குச் சுண்ணாம்பு இரும்பையும் துத்தநாகத்தையும் பூட்டிவிட்டது. வெளுக்காமல் என்ன செய்யும்?

குரோமியம்-6ஐ 3ஆக மாற்றுவது மண்ணில் மக்கும் பொருள். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. இந்த மாதிரி நிலத்தில் அதைத் தவறவே விடக்கூடாது. உப்பைத் தாங்கும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். டேனரித் தண்ணீரில் சோடியமும் எக்கச்சக்கம் என்பதால், அதை மண்ணிலிருந்து விலக்க ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தேவைப்படும். அதிலுள்ள சல்பேட் இன்னொரு உபகாரமும் செய்கிறது: குரோமேட், அதாவது குரோமியம்-6, வேருக்குள் நுழைவதும் சல்பேட்டின் வழியில்தான், ஆகவே இரண்டும் முட்டிக்கொண்டு குரோமேட் குறைவாக நுழையும். ஜிப்சம் போட்டபின் வடிகால் வெட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காசுக்குக் கேடு.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் குரோமியமும் கிடையாது, காட்மியமும் கிடையாது. தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பாசனத் தண்ணீரில் லிட்டருக்குக் குரோமியம் 0.1 மில்லிகிராம், காட்மியம் 0.01 மில்லிகிராம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் வரம்பு.

வரம்பைத் தாண்டினால் கீரையும் முள்ளங்கியும் வேண்டவே வேண்டாம். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும், காட்மியம் இலைக்கு ஏறிவிடும். தீவனப் புல்லும் கூடாது, பாலில் வந்து நிற்கும் வம்பு எதற்கு? எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை ஏக்கரில் இப்போது பருத்திதான். அம்மாவுக்கு வேண்டிய கீரை, குழாய்த் தண்ணீரில், மாடியில் நாலு தொட்டியில் வளர்கிறது.